இரண்டு கூப்பனுக்கு ஒரு மூட்டை

சனிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். தூக்கம் கலைந்து கூடத்துக்கு வந்தபோது நான் முதலில் பார்த்தது அன்றைய மலையாளப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் இருந்த ஓட்டையை. உள்ளங்கை அகலத்தில், நான்கு பக்கமும் நேராக வெட்டப்பட்ட நீள்சதுரம். பத்திரிகை தரையில் விரிந்து கிடந்தது. ஓட்டை வழியாக மூன்றாம் பக்கத்துக் கால்பந்து வீரன் ஒருவனின் முழங்கால் தெரிந்தது.

இரண்டாவதாகப் பார்த்தது கத்தரிக்கோலை. அது அக்காவின் கையில் இருந்தது.

அக்கா என் கூடப் பிறந்தவள் அல்ல. பெரியம்மாவின், அதாவது அம்மாவுடைய அக்காவின், ஒரே பெண். அவளுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. வலியசாலையில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி, ஒரு வீட்டின் பின்கட்டில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவள் எங்கள் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால், அம்மா விடிவதற்கு முன்பே போய் அவளை எழுப்பிக் கூட்டி வந்திருக்கிறாள். அடுத்த அறையில் படுத்திருந்த என்னை எழுப்பவில்லை.

"நான் வெட்டறேன்," என்றேன்.

"உனக்குக் கோடு தப்பிடும்," என்றாள் அக்கா, தலை நிமிராமல். "கோடு தப்பினா அவா எடுக்க மாட்டா, கேட்டியா."

"நீ போய்ப் பல்லைத் தேய்," என்றாள் அம்மா. "அங்க மிதிக்காதே. ஃபேன் காத்துல பறந்துடும்."

ஃபேன் ஓடவில்லை. நான் மேலே பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள்.

கிழக்கேகோட்டைப் பக்கம் அந்த வருஷம்தான் ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்திருந்தார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை பத்திரிகையின் முதல் பக்கத்தில் அவர்களுடைய கூப்பன் வரும். இரண்டு கூப்பன் கொண்டுபோனால் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதே பில்லில் எண்ணெய், சர்க்கரை, பருப்புக்கும் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு கூப்பன்தான். மூட்டை வேண்டுமானால் இரண்டு ஆள் வரிசையில் நிற்க வேண்டும்.

ஒரு கூப்பன் எங்கள் பத்திரிகையில் இருந்தது. இன்னொன்றுக்கு அம்மா எதிர்வீட்டு மாமாவைப் பிடித்துவைத்திருந்தாள். அவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பத்திரிகையை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் முகவரி வரை படிக்கிறவர். மாதம் ஒரு டப்பா தோசை மிளகாய்ப்பொடிக்குப் பதிலாகக் கூப்பனைக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். கொடுத்த பிறகு குறையும் சொல்வார்.

"உங்கம்மா வெட்டினதுல பின்பக்கத்துல மந்திரிசபைக் கூட்டம் பாதியில நின்னுபோச்சு," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "முடிவு என்னன்னு இனிமே நான் செக்ரட்டேரியட்டுக்கு நேரா போய்த்தான் கேக்கணும்."

பெரியம்மா வீட்டில் பத்திரிகை வாங்குவதில்லை. மலையாளம் படிக்கத் தெரியாதவளுக்கு எதற்குப் பத்திரிகை என்பாள். முன்பு தமிழ்ப் பத்திரிகை ஒன்று வந்துகொண்டிருந்தது. அதுவும் எப்போதோ நின்றுவிட்டது.

எனக்கு அக்காமேல் இருந்த பொறாமைக்குக் காரணங்கள் இருந்தன. வரிசைப்படுத்திச் சொல்லும்படியே இருந்தன. பெரியப்பா மஸ்கட்டில் இருந்தார். அவளும் பெரியம்மாவும் பல வருஷம் அங்கே இருந்துவிட்டு, அவள் படிப்புக்காக என்று சொல்லி இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் திரும்பி வந்திருந்தார்கள். அவளிடம் காந்தம் வைத்து மூடும் பென்சில் பெட்டி இருந்தது. பொத்தானை அழுத்தினால் ரப்பர் வைக்கும் தட்டு வெளியே வரும். ஸ்ட்ராபெர்ரி வாசனை அடிக்கும் ரப்பரை அவள் ஒருநாளும் அழிக்கப் பயன்படுத்தவில்லை. அவளுடைய மலையாளத்தைக் கேட்டு என் வகுப்பு டீச்சரே என்னிடம், சேச்சியைப் பார்த்துப் படி என்றாள். இவ்வளவும் இருக்கிற ஒருத்திக்கு என் அம்மாவும் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் கூப்பன் தொடங்கிய முதல் மாதத்திலேயே அம்மா அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். நான் வருகிறேன் என்று சொன்னபோது சமையலறை மேடைக்குப் பக்கத்தில் என்னை நிற்கவைத்துப் பார்த்தாள். மேடை என் நெஞ்சுக்கு வந்தது.

"கவுண்டர் இதைவிட உசரம்டீ. உன் தலை தெரியாது. குழந்தைகளை அவா ஆள் கணக்குல சேக்க மாட்டா."

ஆகவே நான் ஆள் இல்லை. அக்கா ஆள். அதற்குப் பிறகு அம்மா யாரிடம் பேசினாலும் அவளைத் தன் வலது கை என்றாள். கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி நின்று நான் சுவரில் பென்சிலால் என் உயரத்தைக் குறித்துவைத்துக்கொண்டேன். கல்லின் உயரத்தைக் கழிக்க வேண்டும் என்று அப்பா சொல்லித்தான் தெரிந்தது.

கடைக்கு என்னையும் கூட்டிப்போவார்கள். அப்பா வேலைக்குப் போய்விடுவார், வீட்டில் தனியாக விட முடியாதே. கடை வாசலில், உள்ளே நுழையும் இடத்தில், வாடிக்கையாளர்களின் பைகளை வாங்கி அலமாரியில் வைத்து டோக்கன் கொடுப்பார்கள். பக்கத்தில் ஒரு பெஞ்சு. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி. அம்மா துணிப்பைகளை அலமாரியிலும் என்னைப் பெஞ்சிலும் வைத்துவிட்டு, டோக்கனை என் கையில் கொடுத்துவிட்டு, அக்காவின் தோளில் கைபோட்டு உள்ளே போவாள். அந்தக் கை தோளில்தான் இருக்கிறதா, எடுத்துவிட்டாளா என்று கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிகிற வரை பார்த்துக்கொண்டிருப்பேன். சர்க்கரை அடுக்கில் திரும்பும்வரை தெரியும். அதுவரை எடுக்கமாட்டாள்.

வாசலில் நின்ற செக்யூரிட்டிக்காரர் அந்தச் சனிக்கிழமை என்னைப் பார்த்து, "மோள் அகத்து போணில்லே?" என்று கேட்டார். உள்ளே போகவில்லையா என்கிறார்.

"ஞான் ஆளல்ல," என்றேன்.

அவர் வெகுநேரம் சிரித்தார். பை வாங்குகிற பெண்ணைக் கூப்பிட்டு இதைச் சொல்லி மறுபடியும் சிரித்தார். நான் டோக்கனில் இருந்த எண்ணைப் படித்தேன். நாற்பத்தொன்று.

அவர்கள் வெளியே வரும்போது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்கும். செக்யூரிட்டிக்காரர் பில்லை வாங்கி, வண்டியில் இருக்கிற சாமானைக் கண்ணால் மேய்ந்து, ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பார். அம்மா அதை இரண்டாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போடுவாள். பிறகு குனிந்து அக்காவின் காதில் ஏதோ சொல்லுவாள். நீளமாக ஒன்றும் இல்லை, இரண்டு மூன்று சொல்தான். அக்கா தலையாட்டுவாள். அவ்வளவு நேரமும் நான் ஒன்றரை அடி தூரத்தில் நிற்பேன்.

என்ன சொன்னாய் என்று முதல் மாதம் கேட்டேன். "ஒண்ணும் இல்லை, வண்டில ஏறு," என்றாள் அம்மா. இரண்டாம் மாதம் அக்காவைக் கேட்டேன். "அது எங்களுக்குள்ள ஆக்கும்," என்றாள். மூன்றாம் மாதம் நான் கேட்கவில்லை.

நான்காவது மாதமான அன்று, அவர்கள் ஆட்டோ பிடிக்கத் தெருவோரம் போனபோது, நான் குப்பைத்தொட்டியில் கையை விட்டு அந்த இரண்டு துண்டுகளையும் எடுத்து கவுன் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. கடைக்குள்ளே இருந்து எனக்கும் ஏதாவது ஒன்று வேண்டும் என்று இருந்திருக்கும். செக்யூரிட்டிக்காரர் பார்த்தார்.

ஆட்டோவில் அம்மா, பக்கத்தில் அக்கா. நான் காலடியில் மூட்டையின்மேல். சாலைக் கடைத்தெரு நெரிசலில் வண்டி ஊர்ந்து வீடு சேர இருபது நிமிடம் ஆயிற்று.

பதினொரு மணிக்குப் பெரியம்மா வந்தாள். குளித்து, மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த மடிப்புக் கலையாத நைலக்ஸ் புடவை கட்டி, கையில் நீல நிறச் சின்ன பர்ஸுடன் வருவாள். நான்கு வீடு தள்ளி வருவதற்கு அந்தப் புடவை தேவையில்லை. கூப்பன் வரிசைக்கு மட்டும் அவள் ஒருநாளும் வந்ததில்லை. கல்ஃப்காரர் வீட்டுப் பெண்மணி முப்பது ரூபாய் மிச்சத்துக்கு வெயிலில் நிற்பதைத் தெருவில் யாராவது பார்த்தால் என்ன ஆவது என்று அவள் சொல்லவில்லை. நானாக ஊகித்து, அதற்காகவும் பொறாமைப்பட்டேன்.

சாமான் பிரிப்பதில் அம்மாவின் பிறந்தவீட்டு வழக்கம் ஒன்று இருந்தது. பிரிக்கிறவள் முதலில் எடுக்கக் கூடாது. மற்றவள் எடுத்தது போக மிச்சம்தான் பிரித்தவளுக்கு. அம்மா பிரிப்பாள், பெரியம்மா எடுப்பாள். ஒரே அளவில் இரண்டு தகர டின்கள் கூடத்தின் நடுவில் இருக்கும். மூட்டையின் வாயை அவிழ்த்து அம்மா படியால் மாற்றி மாற்றி அளந்து கொட்டுவாள்.

அன்று நான் கதவோரம் நின்று டின்களையே பார்த்தேன். பெரியம்மா வருவதற்குக் கொஞ்சம் முன்பு அம்மா ஒரு டின்னை மட்டும் பிடித்துத் தரையில் தட்டினாள். பத்துப் பன்னிரண்டு முறை. அரிசி இறங்கியது. மேலே இன்னும் இரண்டு படி போட்டாள், மறுபடி தட்டினாள். கடைசியில் தட்டிய டின்னில் அரிசி, மற்றதைவிட ஒரு விரல் கீழேயே நின்றது.

பெரியம்மா உட்கார்ந்து இரண்டையும் எட்டிப்பார்த்தாள். குறைவாகத் தெரிந்த டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அதுல குறைச்சலா இருக்கே அக்கா," என்றாள் அம்மா.

"இருக்கட்டும். எங்களுக்கு ரெண்டு பேருக்கு இது மதி, போறும்."

"சொன்னா கேக்க மாட்டே."

"நீ பிரிச்சே, நான் எடுத்தேன். பேச்சு முடிஞ்சுது."

அம்மா வேண்டுமென்றே குறைவாகக் காட்டி நிறைய கொடுத்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. அதுவும் பொறாமைக் கணக்கில் சேர்ந்தது. எங்கள் அரிசியில் இரண்டு படி அக்காவின் வீட்டுக்குப் போகிறது. பென்சில் பெட்டி வைத்திருப்பவளின் வீட்டுக்கு.

பிறகு பெரியம்மா பர்ஸைத் திறந்து, "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டாள்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "மொத்தம் ஆயிரம்மா. நம்ம பங்கு ஐநூறு."

"இருபத்தஞ்சு கிலோ அரிசி, எண்ணெய், ரெண்டு பருப்பு, சர்க்கரை எல்லாம் சேத்தா?" பெரியம்மா சிரித்தாள். "அவன் என்ன, பொண்டாட்டி நகையை வித்தா கடை நடத்தறான்?"

"கூப்பன்னா பின்னே? ஆள் பிடிக்க ஆக்கும்," என்றாள் அம்மா. "ஆறு மாசம் நஷ்டத்துக்குக் குடுப்பன். அப்புறம் எல்லாத்தையும் சேத்து நம்ம தலைல கட்டுவன்."

பெரியம்மா ஒரு ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மடக்கினாள். "எண்ணிக்கோ."

"ஒரு நோட்டுல எண்ணறதுக்கு என்ன இருக்கு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அம்மா எழுந்திருக்கும்போது அக்காவின் பின்னலை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள். அன்று காலை என் தலையை அவள் பின்னியிருக்கவில்லை. நேரமில்லை என்று ரிப்பன் மட்டும் கட்டியிருந்தாள்.

மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு நான் பில்லின் இரண்டு துண்டுகளையும் கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தில் வைத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். கிழிந்த விளிம்பு விளிம்போடு சேரும்படி மெதுவாக ஒட்டினேன். கோடு தப்பவில்லை. சாமான்களின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்து அடிவரை வந்தேன். அடியில் மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில் மொத்தம் இருந்தது: 1,640.

நான் மறுபடி படித்தேன். ஓட்டை விழுந்த இடம் வேறு. எண் தெளிவாக இருந்தது.

அப்போது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை இப்போதும் நினைவிலிருந்து எடுக்க முடிகிறது. வலது கைக்குப் பில் படிக்கத் தெரியவில்லை. ஆயிரத்து அறுநூற்று நாற்பதை ஆயிரம் என்று படித்திருக்கிறாள். நான்கு மாதமாக அம்மா தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப்போனது இப்படிப்பட்ட ஒருத்தியை. கவுண்டருக்குமேலே தலை தெரிந்து என்ன பயன்?

அம்மாவிடம் காட்டினால் அவள் அக்காவைத்தான் விட்டுக்கொடுக்காமல் பேசுவாள் என்று தோன்றியது. அப்பாவிடம் சொன்னால் அம்மாவிடம் சொல் என்பார். ஆகவே நேராகப் பெரியம்மாவிடமே போவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஞாயிறு, சாயங்காலம் நான்கு மணி. பெரியம்மா தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குப் பெரியப்பா மஸ்கட்டிலிருந்து கூப்பிடுவது வழக்கம். அக்கா சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவேண்டும் என்று நான் உரக்கவே பேசினேன்.

"பெரியம்மா, அக்கா கணக்கைத் தப்பா சொல்லிட்டா. இதோ பில்லு."

பெரியம்மா நோட்டை வாங்கினாள். கடிதம் படிப்பதுபோல மேலிருந்து கீழே படித்தாள். படித்து முடித்ததும் மறுபடி மேலே போனாள்.

"இதை எங்கேர்ந்து எடுத்தே?"

"கடைக் குப்பைத்தொட்டிலேர்ந்து."

"யாரு போட்டா?"

"அம்மா. எப்பவும் கிழிச்சுப் போட்டுடுவா."

"எப்பவும்னா? போன மாசமும்?"

"போன மாசமும். அதுக்கு முந்தின மாசமும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா வாசலில் வந்து நின்றாள். கையில் இடுக்கி இருந்தது.

"அம்மா, அவ குழந்தை, ஏதோ வேற யாரோ போட்ட பில்லை எடுத்துண்டு வந்திருக்கா," என்றாள்.

"எங்க பில்லுதான்," என்றேன். "செக்யூரிட்டி மாமா ஓட்டை போட்டு அம்மா கைல குடுத்தா. நான் பார்த்தேன்."

பெரியம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "உனக்கு வகுக்கத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"தெரியும். ரெண்டு இலக்கத்தால கூட வகுப்பேன்."

"இதைப் பாதியாக்கு."

நோட்டை வாங்கி, எதிர்ப்பக்கத்தில் கோடு போட்டு, மீதி இல்லாமல் நேராக வகுத்தேன். எண்ணூற்று இருபது என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்துக் காட்டினேன்.

"சரியா இருக்கு," என்றாள் பெரியம்மா. "கெட்டிக்காரி."

என்னை ஒருவர் அப்படிச் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். இடுக்கியைப் பிடித்தபடி அவள் அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை, கன்னத்தில் தண்ணீர் மட்டும் இறங்கியது. தோற்றுப்போனதால் அழுகிறாள் என்று நினைத்தேன். அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அசையவில்லை. நான்தான் போய் அணைத்தேன்.

நான் இருந்தவரை தொலைபேசி அடிக்கவில்லை.

அன்று ஆறு மணிக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்தாள். முதலில் அரிசி டின், பிறகு எண்ணெயும் சர்க்கரையும், பிறகு பருப்புப் பொட்டலங்கள். பொட்டலங்கள் பிரிக்கப்படவே இல்லை. ஒவ்வொன்றையும் கூடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். மூன்றாம் முறை அம்மா அவள் கையைப் பிடித்தாள். அக்கா என்னைக் கண்ணால் காட்டினாள்.

அம்மா என்னை அடிக்கவில்லை. "பில்லு எங்க?" என்று மட்டும் கேட்டாள். நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒட்டியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் என் வகுத்தலையும் பார்த்தாள்.

"நன்னா ஒட்டியிருக்கே," என்றாள்.

பிறகு பெரியம்மா கொடுத்த ஐநூறு ரூபாய் நோட்டை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். பின்கட்டுக்குப் போகும் சந்தில் நின்றேன். பெரியம்மா கதவைப் பாதி திறந்திருந்தாள்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு."

"நம்ம ரெண்டு பேர்ல மூத்தது யாருடி?"

"அதுக்கில்லை அக்கா—"

"யாரு மூத்தது?"

"நீதான்."

"அந்த நினைப்பு இருந்தாப் போறும்."

நோட்டை வாங்கிக்கொண்டாள். கதவு சாத்தப்பட்டது. ஓங்கிச் சாத்தவில்லை. தாழ்ப்பாள் மெதுவாக விழுந்தது. அம்மா திரும்பி நடந்தபோது என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனாள்.

அதற்குப் பிறகு அக்காவை நான் தெருமுனைப் பெட்டிக்கடையில் பார்த்தேன். அரைக் கிலோ அரிசி, நூறு கிராம் பருப்பு என்று காகிதப் பொட்டலமாக வாங்கிப் போவாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை. சில்லறையாக வாங்கினால் விலை கூடுதல், மூட்டையாக வாங்கினால்தான் மிச்சம் என்று அம்மா எனக்குப் பலமுறை சொல்லியிருந்தாள். இவ்வளவு படித்த அக்காவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அவள் என்னை வாசலில் கூப்பிட்டு, பென்சில் பெட்டியை என் கையில் கொடுத்தாள். "எனக்கு வேண்டாம். நீ வெச்சுக்கோ," என்றாள். அவள் எதற்குக் கொடுத்தாள் என்று நான் யோசிக்கவில்லை. வாசனை ரப்பர் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமை அம்மா என்னை எழுப்பினாள். கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்தாள். கடைக்குப் போனதும் பைகளை அலமாரியில் வைத்தாள். பெஞ்சைக் காட்டவில்லை. நான் அவளோடு உள்ளே போனேன். சர்க்கரை அடுக்கைத் தாண்டினேன். வரிசையில் அவளுக்குப் பின்னால் ஆளாக நின்றேன்.

கவுண்டர் என் நெஞ்சுக்குத்தான் வந்தது. எங்கள் வீட்டு மேடையைவிட இரண்டு விரல் தாழ்வாகவே இருந்தது. பில் போடுகிற பெண் என் கூப்பனை வாங்கினாள், அம்மாவுடையதை வாங்கினாள், இரண்டையும் ஒரு கம்பியில் குத்தினாள். என் உயரத்தை அவள் பார்க்கவில்லை. முன்னால் நின்றவர் இடுப்பில் இருந்த கைக்குழந்தைக்கே ஒரு கூப்பனைக் கொடுத்து மூட்டை வாங்கிப் போயிருந்தார்.

வெளியே வந்தோம். செக்யூரிட்டிக்காரர் பில்லில் ஓட்டை போட்டார். அம்மா அதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில், தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு நின்றேன், அவள் குனிவதற்கு வசதியாக. அவள் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

பள்ளிப் பரீட்சை முடிந்ததும் பெரியம்மாவும் அக்காவும் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தென்காசிக்குப் போனார்கள். அங்கே வாடகை குறைவு என்றார்கள். பெரியப்பாவின் கம்பெனி அந்த நேரத்தில் பதினொரு மாதமாகச் சம்பளம் கொடுக்காமல் இருந்தது என்பதையும், அவருடைய பாஸ்போர்ட்டை அவர்களே வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் நான் பதினேழு வயதில் தெரிந்துகொண்டேன். நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். பந்தியில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் சொன்னாள், சாதத்துக்கு ரசம் வாங்கிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப் போல.

நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். கடை வாசலில் அம்மா ஒவ்வொரு மாதமும் உன் காதில் என்ன சொல்லுவாள்?

அக்கா ரசத்தைச் சாதத்தில் பிசைந்துகொண்டாள். "'ஆயிரம்னு சொல்லுடீ.' அவ்வளவுதான்," என்றாள்.

எட்டு வருஷம் கழித்து அதைக் கேட்டபோதும், அம்மா அதை என்னிடம் சொல்லவில்லையே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. மற்றதெல்லாம் பிறகுதான் வந்தது.

நானும் அம்மாவும் வாங்கி வந்த அந்த மூட்டையை யாரும் இரண்டாகப் பிரிக்கவில்லை. நாங்கள் வீட்டில் மூன்று பேர். இருபத்தைந்து கிலோ அரிசி எங்களுக்கு இரண்டு மாதத்துக்குமேல் வந்தது.